பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் சமூகத்தில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அவர்களை மேடையேற்றிப் பாராட்டுவது வழக்கம். இந்த முறை இளைஞர்களை அனுப்பி அவர்களுடைய கதைகளைப் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நல்ல யோசனை. அவசியம் செய்யுங்கள். ஆனால் பாராட்டு விழாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விழாவில் பெரியவரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள், அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் "இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று மைக்கைக் கையில் கொடுக்கிறோம். அவரும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். நீங்கள் செய்யப்போவதில் பேசுகிறவர் அவர், வாய் மூடிக் கேட்க வேண்டியவர்கள் நாம். "உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது, அது எங்களுக்கு வேண்டும்" என்று ஒருவர் முன்னால் போய் உட்காருவதைவிட அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை எதையும் நான் பார்த்ததில்லை. இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதனால் என்ன பயன் என்று உங்கள் குழுவிலேயே யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு சிமெலுவே தீவைப் பற்றிச் சொல்லுங்கள். இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கடலில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் வாழ்ந்தவர்கள் அந்தத் தீவு மக்கள். அப்போது அங்கே சுமார் 78,000 பேர். எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. நிலம் ஆடி முடித்த சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. அந்தத் தீவும் சேர்ந்த ஆச்சே மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன அந்த நாளில், சிமெலுவேயில் இறந்தவர்கள் 7 பேர். அவர்களைக் காப்பாற்றியது "ஸ்மோங்" என்ற ஒரு சொல். அந்தத் தீவு மொழியில் அதற்குப் பேரலை என்று பொருள். 1907-ல் இதேபோல ஒரு பேரலை அந்தத் தீவில் ஏராளமானவர்களைக் கொன்றிருந்தது. பிழைத்தவர்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள், பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். கதையாகவும் பாட்டாகவும் தாலாட்டாகவும் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் ஸ்மோங் வரும், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. 97 வருடம் கழித்து நிலம் ஆடியபோது யாரோ "ஸ்மோங்" என்று கத்தினார்கள், ஊரே ஓடியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கதை எங்கோ பத்திரமாகப் பதிவாகிக் கிடந்ததால் அவர்கள் பிழைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லத் தெரிந்து வைத்திருந்தது. உங்கள் முயற்சியின் உயிரே இதுதான் என்பது என் எண்ணம். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

பெரியவர்கள் சொல்வதை "ஞாபகத்தில் சொல்கிறார், அதை எப்படி நம்புவது" என்று ஒதுக்குகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்க்ஸான், வெட்சுவெட்டென் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்குத் தொடுத்தார்கள். கையில் பட்டாவோ பத்திரமோ கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வரலாறுகளும், நிலத்தோடு சேர்ந்த பாட்டுகளும்தான் அவர்களுடைய ஆவணம். ஒரு மூதாட்டி சாட்சிக் கூண்டில் பாட முன்வந்தபோது, தனக்கு இசைக் காது கிடையாது, பாடிப் பயனில்லை என்று நீதிபதி சொன்னார். அந்த அம்மா பாடினார். ஆனாலும் 1991-ல் வந்த தீர்ப்பு அந்தச் சான்றுகளுக்கு மதிப்பே கொடுக்கவில்லை. 1997-ல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. அந்த மூதாட்டி பாடியபோது அந்த அறையில் அவர்தான் அறிந்தவர், கேட்டவர்கள்தான் அறியாதவர்கள். உங்கள் இளைஞர்களை அனுப்பும் முன் இந்த ஒரு கதையை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

ஆர்க்டிக் பகுதிக்கு 1845-ல் கிளம்பிக் காணாமல் போன, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிராங்க்ளினுடைய பயணத்தின் கப்பல்களும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஒரு கப்பல் எந்தப் பக்கம் மூழ்கியது என்று அங்குள்ள பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014-ல் அவற்றில் ஒன்றான எரெபஸ் கப்பல் அவர்கள் சொன்ன பக்கத்திலேயே கிடைத்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

நீங்கள் கேட்கப்போவது இரண்டு வகையாக இருக்கும். அவரே கண்டதும் செய்ததும் பட்டதும் ஒரு வகை. இது வாய்மொழி வரலாறு. அவருக்கு முன் இருந்தவர்கள் சொல்லி அவர் காதில் விழுந்தது இன்னொரு வகை. அது வாய்மொழி மரபு. ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த வரலாற்றாசிரியர் யான் வான்சினா இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். பெரியவர் இரண்டையும் கலந்துதான் பேசுவார், பேசட்டும். "இது நீங்க பார்த்ததா, கேள்விப்பட்டதா?" என்று ஒரு முறை மெதுவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

யாரிடம் போவது? பட்டியல் போடச் சொன்னால் எல்லோரும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். இந்தத் துறையே அப்படித்தான் ஆரம்பித்தது. 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய திட்டம் அரசியல், வணிகம் போன்ற துறைகளின் பெரிய மனிதர்களைத்தான் தேடிப் போனது. சாதாரண மக்களின் பேச்சும் வரலாறுதான் என்ற எண்ணம் பரவலாக வேரூன்றப் பிறகு பல வருடங்கள் ஆயின. உங்கள் பட்டியலில் "எங்கிட்ட சொல்ல என்ன இருக்கு, அவர்கிட்ட போங்க" என்று சொல்கிறவர்களைக் கட்டாயம் சேருங்கள். பெரும்பாலும் பெண்கள்தான் இப்படிச் சொல்வார்கள். வாழ்நாள் முழுவதும் யாரும் கேட்காததால் வந்த பதில் அது. முதல் சந்திப்பில் அரை மணி நேரம் தயங்குவார்கள், இரண்டாவது சந்திப்பில் நிறுத்தவே மாட்டார்கள்.

முதல் முறை போகும்போது பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சும்மா போய் உட்காருங்கள். எதற்கு வந்திருக்கிறோம், பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். எந்த நேரம் அவருக்குத் தெம்பாக இருக்கும், எந்தக் காது நன்றாகக் கேட்கும், எவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார முடியும் என்பதையெல்லாம் அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்காருவது சின்ன விஷயம். ஆனால் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் பாதிப் பேர் வெட்கப்பட்டு, புரியாமலே "ஆமா" சொல்லிவிடுவார்கள்.

கருவியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கைபேசியே போதும், சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் முக்கியமான இடத்தில்தான் அழைப்பு வரும். முடிந்தால் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள், எம்பி3 வடிவில் ஒலியின் ஒரு பகுதி கழிந்துபோகும். மின்விசிறி, குளிர்பெட்டி, சுவர்க் கடிகாரம் மூன்றும் நம் காதுக்குப் பழகிப்போன சத்தங்கள், பதிவில் பூதாகரமாகக் கேட்கும். இரண்டு நிமிடம் பேசவிட்டு, ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்பவர் பெயர் நான்கையும் குரலிலேயே சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பு மட்டும் தனியாக யார் கையிலாவது கிடைத்தாலும் அது என்னவென்று தெரிய வேண்டும்.

இருவராகப் போங்கள். ஒருவர் பேச வேண்டும், இன்னொருவர் கருவியைப் பார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். பெரியவர் "இன்னும் பேசலாம்" என்றாலும் எழுந்துவிடுங்கள். அவர் களைப்பு அவருக்கு நாம் போன பிறகுதான் தெரியும்.

இப்போது கேள்விகள். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் பிறந்த வருடம், படிப்பு, திருமணம், பிள்ளைகள் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, அவர் சிறு வயதில் வாழ்ந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், யார் எங்கே படுப்பார்கள், தண்ணீர் எங்கே இருக்கும். "எனக்கு வரைய வராதே" என்பார்கள். இரண்டு கோடு போட்டதும் கையே பேச ஆரம்பித்துவிடும். "இங்க ஒரு பெட்டி இருக்கும். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்ல." அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டால் போதும், ஒரு குடும்பத்தின் கதை வெளியே வரும். நான் இதுவரை கேட்ட நல்ல கதைகளில் பாதி இப்படி ஒரு தாளில் தொடங்கியவை. அந்தத் தாளையும் தேதி போட்டு, பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரையான காலம்தான் அதிகத் தெளிவாக நினைவில் நிற்கும். இது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட விஷயம். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். முதல் வேலை, முதல் சம்பளம் யார் கைக்குப் போனது, முதன்முதலில் தனியாகப் பயணம் போனது, மிகவும் பயந்த ஒரு நாள். "எப்போது?" என்ற கேள்வியைக் குறையுங்கள். வருடம் கேட்டால் அவர் தடுமாறுவார், தடுமாறினால் நம்பிக்கை போய்விடும். "அப்ப உங்க மூத்த பிள்ளை பிறந்தாச்சா?" என்று கேட்டால் வருடம் தானாக வந்துவிடும்.

அவர் பேசி நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இளைஞர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், அமைதி வந்தாலே தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் "அப்புறம்..." என்று அவரே தொடரும்போது வருவது, நாம் கேட்டிருந்தால் வந்திருக்காத ஒன்றாக இருக்கும்.

தவறாகச் சொன்னால் திருத்த வேண்டுமா? திருத்தாதீர்கள். இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி டெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் பதிவு செய்தபோது, லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்ட சம்பவத்தைப் பலரும் 1953-ல் நடந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் நடந்தது 1949-ல், நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்த ஊர்வலத்தில். 1953-ல் நடந்தது ஆயிரக்கணக்கானவர்களை வேலையைவிட்டு நீக்கியதும் அதையொட்டி வந்த தெருப் போராட்டங்களும். போர்டெல்லி இதைப் பிழை என்று தள்ளிவிடவில்லை. அந்த மரணத்தை வேலை பறிபோன நாளோடு கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அந்த மக்களுக்கு அதன் அர்த்தம் பிடிபட்டது என்று புரிந்துகொண்டார். நீங்களும் சரியான தேதியை அடிக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் பேச்சில் கை வைக்காதீர்கள்.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இதை நான் அதிகமாக வலியுறுத்துவேன். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற 2,300-க்கும் மேற்பட்ட முதியவர்களின் சொற்களை அரசுத் திட்டம் ஒன்று சேகரித்தது. சார்ல்ஸ்டன் நகரத்தில் நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்லப்பட்ட ஒரு மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் கேட்டபோது எஜமானர் நல்லவர் என்கிற தொனியில் பேசினார். கறுப்பின ஆண் ஒருவர் கேட்டபோது சவுக்கடிகளையும், பிள்ளைகள் விற்கப்பட்டபோது தாய்மார்கள் அலறியதையும் சொன்னார். பேசியவர் ஒருவர்தான். முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேறு. ஆகவே யாரை யாரிடம் அனுப்புவது என்று யோசித்து முடிவு செய்யுங்கள். சில சமயம் சொந்தப் பேத்தி சரியான ஆள், தாத்தா மனம்விட்டுப் பேசுவார். சில சமயம் சொந்தப் பேத்தியிடம் சொல்லவே முடியாத விஷயம் இருக்கும், அறிமுகமில்லாத ஒருவரிடம் தடையில்லாமல் வரும். முடிந்தால் ஒரே பெரியவரிடம் இரண்டு பேரை வெவ்வேறு நாளில் அனுப்பிப் பாருங்கள். மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து "அது அப்படி இல்லம்மா" என்று எடுத்துக்கொடுக்கும் வீடுகளில், அவர்களைப் பணிவாக வேறொரு நாளைக்குத் தனியாகப் பேசக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலியான இடங்கள் வரும். கேள்வி கேட்டுத் தோண்டாதீர்கள், அவராகச் சொன்னால் கண்ணைத் தாழ்த்தாமல் கேளுங்கள். அழுதால் "நிறுத்தட்டுமா, தொடரலாமா?" என்று அவரிடமே விடுங்கள். பலர் தொடரச் சொல்வார்கள். 1963-ல் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது தளர்ச்சியின் அடையாளம் இல்லை, மனதுக்குத் தேவையான இயல்பான வேலை என்று எழுதினார். அதற்கு முன் முதியவர்கள் பழசைப் பேசினால் மருத்துவர்களே அதைக் குறையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வலியான இடத்திலேயே பதிவை முடித்துவிட்டு எழுந்து வராதீர்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் இன்றைய நாளைப் பற்றிப் பேசுங்கள். மறுநாள் ஒரு முறை அழைத்து எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். இதைச் செய்ய முடியாதென்றால் அப்படிப்பட்ட கதைகளைக் கேட்கப் போகவே வேண்டாம்.

ஒப்புதல் வாங்குவதை வெறும் கையெழுத்தாக்கிவிடாதீர்கள். பதிவு முடிந்த பிறகு, தான் என்ன சொன்னோம் என்பது தெரிந்த நிலையில், மறுபடி கேளுங்கள். எல்லோரும் கேட்கலாமா, குடும்பம் மட்டுமா, தன் காலத்துக்குப் பிறகுதானா, இந்த ஒரு பகுதி மட்டும் வேண்டாமா என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். அவர் கதையில் வரும் மற்றவர்கள் இதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். அண்டை வீட்டுக்காரர் செய்த துரோகத்தை அவர் பெயரோடு வெளியிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

இனி, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். மருத்துவச்சியாக இருந்த ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மடியில் ஒரு தலையணையை எடுத்து வைத்துக்கொண்டார். "இப்படி வச்சு, இப்படி... மெதுவா... அவ மூச்சு விடும்போது இப்படி." நரம்பு தெரியும் மெலிந்த கைகள், ஆனால் அந்தத் தலையணைமேல் அவை போன விதத்தில் ஒரு நடுக்கம் கிடையாது. நான் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டு எழுத உட்கார்ந்தால், "இப்படி" என்ற சொல் 11 முறை வருகிறது, வேறு எதுவும் இல்லை. ஒலி மட்டும்தான் பதிந்திருந்தேன். கை செய்தது எதுவும் பதிவில் இல்லை. அன்றிலிருந்து பெரியவர் கையால் எதையாவது காட்டினால், பார்த்ததை உடனே வாயால் சொல்லிவிடும்படி இளைஞர்களுக்குப் பழக்குகிறேன். "இடது கையை மேலே வைத்து, வலது கையால் கீழிருந்து தள்ளுகிறீர்கள், சரிதானே?" என்று சொன்னால் அதுவும் பதிவாகும், தப்பாக இருந்தால் அவரும் திருத்துவார். கைவேலை தெரிந்தவர்களிடம் போகும்போது காணொளியும் எடுங்கள், முகத்தை மட்டும் எடுக்காமல்.

அந்த அம்மாவிடம் மறுபடி போனேன். இந்த முறை பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியும் கூட வந்தாள். முதல் பதிவில் கேட்டதை அந்த அம்மாவுக்கு முன்னாலேயே, அதே தலையணையை வைத்துக்கொண்டு, அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவள் இரண்டு கையையும் வைத்ததுமே அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "முதல்ல தலை எங்க இருக்குன்னு தடவிப் பாரு. தலை கிடைக்காம கையை வைக்காதே." இந்த வாக்கியம் முதல் பதிவில் எங்கேயும் இல்லை. அவருக்கு அது சொல்லவே தேவையில்லாத அளவுக்குப் பழகிய விஷயம். தெரியாத ஒருத்தி தப்பாகச் செய்ததால்தான் வாயில் வந்தது.

சிமெலுவே கதையைச் சொல்லும்போது திரும்பி வருகிறேன் என்றது இதற்குத்தான். பதிவு செய்து, எழுதி, வைத்துவிடுவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பெரியவரிடமும் இரண்டாவது முறை போய், கேட்ட கதையை இளையவர் வாயால் அவருக்கே திருப்பிச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவர் இடைமறிப்பார், சிரிப்பார், "அதை விட்டுட்டியே" என்பார். அங்கேதான் கதை ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறுகிறது. தன் கதையை ஒரு இளம் வாய் சொல்லக் கேட்கும்போது பெரியவர்கள் முகத்தில் வரும் கவனத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இளையவர்களுக்கும் இதில் பெரிய பலன் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் ராபின் ஃபிவுஷும் மார்ஷல் டியூக்கும் "உனக்குத் தெரியுமா" என்று 20 கேள்விகள் தயாரித்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். உன் பெற்றோர் எங்கே சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த ஒரு கெட்ட விஷயம் எது, இப்படி. குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிகமாக இருந்தன. ஆனால் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துப் பயனில்லை என்றும் டியூக் எச்சரித்தார். கூடி உட்கார்ந்து பேசுகிற பழக்கம் உள்ள வீடுகளில்தான் அந்தப் பதில்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கின்றன. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வேலையாக இதைக் கொடுக்காதீர்கள், கேள்வித்தாளை நிரப்பிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். அவர்களை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுத்தால் செய்துகாட்டுவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில மலைப்பகுதியில் 1966-ல் பள்ளி மாணவர்கள், சுற்றிலும் இருந்த முதியவர்களிடம் மரக்கட்டைகளால் வீடு கட்டுவது முதல் மூலிகை வரை கேட்டு எழுதி, ஃபாக்ஸ்ஃபயர் என்ற இதழ் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

எழுதி எடுப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுதக் குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் எழுத ஆள் இல்லையென்றால், எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு பக்கக் குறிப்பாவது போடுங்கள், அதுவே போதும். எழுதினால் அவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். அவர் வட்டாரச் சொல்லை நல்ல நடைக்கு மாற்றினால் அவர் குரல் போய்விடும். கணினி எழுதித் தரும் வசதிகள் பல் விழுந்த வாயின் பேச்சிலும் பழைய சொற்களிலும் நிறையத் தடுமாறும், வரிக்கு வரி கேட்டுச் சரிபாருங்கள். கோப்புகளை மூன்று பிரதியாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் இருக்கும்படி வையுங்கள். பெரியவருக்கும் அவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், முதல் பிரதியே அவர்களுக்குப் போகட்டும்.

எத்தனை பேரோடு தொடங்குவது? ஐம்பது பேர் என்று பட்டியல் போட்டவர்கள் பலர் பத்தாவது ஆளோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மூவரிடமும் இரண்டு முறை போங்கள், திருப்பிச் சொல்லுங்கள், பிரதியைக் கையில் கொடுங்கள். அப்புறம் அடுத்த மூன்று பேர். மூவரில் யாரிடம் முதலில் என்று கேட்டால், யாருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறதோ, யார் நேற்றுச் சொன்னதை இன்று மறக்கத் தொடங்கியிருக்கிறாரோ, அவரிடம். திட்டம் முழுவதும் தயாராகும்வரை அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். இந்த வாரமே ஒருவர் போய், கருவி இல்லாமல், அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.